பெரிய பயணத்துக்கு வாங்கினேன், சனி ஞாயிறுக்குத்தான் ஓடியது

இந்த அட்வெஞ்சர் பைக்கை (தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் ஓட்டும் வகை) வாங்கும்போது என் மனதில் இருந்தது ஒரு நீண்ட பயணம். மாதக்கணக்கில், எல்லைகள் தாண்டி, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டிக்கொண்டு. 4 வருடம் ஆகிவிட்டது, 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, அந்தப் பயணம் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. ஓடியதெல்லாம் சனிக்கிழமை விடிகாலை கிளம்பி ஞாயிறு இருட்டுவதற்குள் வீடு சேரும் ரைடுகள். நாலைந்து நண்பர்கள், பெரிய சாலையை விட்டு விலகிய கிராமத்துப் பாதைகள், அவ்வளவுதான். நான் எழுதப்போவது அந்த ரைடுகளில் இந்த பைக் எப்படி நடந்துகொண்டது என்று. நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போகும் என்று தேடுபவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. ஒற்றை சிலிண்டர், 400 சிசியை ஒட்டிய எஞ்சின், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17, இரண்டிலும் ஸ்போக்ஸ், 200 மில்லிமீட்டர் வரை அமுங்கும் சஸ்பென்ஷன், டேங்க் நிரம்பினால் 195 கிலோ. இந்த வகையில் வரும் பைக்குகளுக்கு எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். இவற்றுக்கெல்லாம் மூதாதை என்று 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ்ஸைச் சொல்வார்கள். அந்த இரண்டு எழுத்தில் ஒன்று காட்டுப்பாதைக்கு, இன்னொன்று சாலைக்கு. அடுத்த வருடமே ஊபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூ ஓட்டி பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றார். அன்றிலிருந்து இந்த வகை பைக்குக்கு விளம்பரம் என்றாலே மணல்மேடுதான். நமக்கு வாய்ப்பது என்னவோ சரளை, சகதி, மழை அரித்த பள்ளம், அப்புறம் வளைவுக்கு அந்தப் பக்கம் பாதையை அடைத்து நிற்கும் மாடு.

முதலில் எடையைப் பற்றிப் பேச வேண்டும். ஷோரூமில் யாரும் பைக்கைக் கீழே படுக்க வைத்துத் தூக்கிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பேன். முதல் ஆறு மாதத்தில் நான் விழுந்ததெல்லாம் நடை வேகத்தில்தான்: சகதியில் திரும்பும்போது, மேட்டில் எஞ்சின் அணைந்து கால் ஊன்ற நிலம் எட்டாதபோது. விழுந்ததும் எஞ்சினை அணைத்து, பைக் உருளாமல் இருக்க கியரில் போட்டு, வலது பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இழுத்துவிட்டு (இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும், எனக்கு விழுந்திருக்கிறது), சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, கால் பலத்தில் பின்பக்கமாகவே நடந்து எழ வேண்டும். காலையில் முதல் தடவை தூக்கும்போது 195 கிலோ. சாயங்காலம் நாலாவது தடவை தூக்கும்போது அதற்குக் கணக்கே கிடையாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் 250 கிலோவைத் தாண்டிய இரட்டை சிலிண்டர் பைக் வைத்திருக்கிறார். தார்ச்சாலையில் அவர் எங்களுக்கெல்லாம் முன்னால். மண்ணில் அவர் விழுந்தால் மூன்று பேருக்கு வேலை.

பைக்கில் மாட்டியிருந்த அலுமினியப் பெட்டிகள் போனதும் இந்த மண் பாதைகளால்தான். சரளையில் சறுக்கும்போது கால் தானாகக் கீழே போகும். பைக் முன்னே நகர, பின்னால் வரும் பெட்டி கெண்டைக்காலில் வந்து இடிக்கும். எனக்கு வீக்கத்தோடு முடிந்தது. அடுத்த வாரமே துணிப்பைக்கு மாறினேன். மழைக்கு உள்ளே ஒரு ரப்பர் உறை போட்டால் போதும்.

21 அங்குல முன்சக்கரம்தான் இந்த பைக்கில் நான் மாற்ற நினைக்காத ஒரே விஷயம். சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லின் மேல் ஏறும் கோணம் குறைகிறது. சின்னச் சக்கரம் முட்டி நிற்கும் இடத்தில் இது ஏறி இறங்கிவிடும். தார்ச்சாலை வளைவில் திரும்பக் கொஞ்சம் சோம்பல் காட்டும். அது பரவாயில்லை.

சஸ்பென்ஷன் விஷயத்தில் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். சாமான் ஏற்றினால் மண்ணில் முன்பக்கம் அலைபாயும், நான் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர்தான் டேப்பை எடுத்து அளந்தார். நாம் சாமானோடு ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் மொத்த அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். என்னுடையது பின்னால் பாதிக்கு மேல் அமுங்கியது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரத்தில் பாரம் குறையும், பாரம் குறைந்த சக்கரம் போன போக்கில் போகும். ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, நாலு சுற்று இறுக்கினோம். பத்து நிமிட வேலை. வேறு பைக்கில் ஏறியதுபோல் இருந்தது.

நின்று ஓட்டுவதும் அப்படித்தான் தாமதமாக வந்தது. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் ஒரு பயனும் இல்லை. முழங்கால் லேசாக மடங்கி, டேங்கைத் தொடையால் கவ்வி, கை தளர்ந்திருக்க வேண்டும். "கைய விடுடா, அது தானா போகும்" என்று பின்னால் வந்தவர் ஒரு நாள் முழுக்கக் கத்தினார். அது தானாகத்தான் போனது. என் உயரத்துக்கு ஹேண்டில்பார் தாழ்வாக இருந்ததால் 30 மில்லிமீட்டர் உயர்த்தும் துண்டுகளைப் போட்டேன். முதுகுவலி அதோடு நின்றது. இந்த பைக்குக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

டயர். கம்பெனியிலிருந்து வந்தது பார்க்கத்தான் பட்டன் டயர் (மண்ணைப் பிடிக்கக் கட்டி கட்டியாக இருப்பது), பள்ளங்கள் ஆழமில்லை. முதல் மழையில் களிமண் அப்பி மொழுமொழுவென்று ஆகிவிட்டது. தாருக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்று செய்த டயருக்கு மாறினேன். பழைய பின்டயர் 15,000 கிலோமீட்டர் தாங்கியது, இது 9,000 வரைதான் வருகிறது, தார்ச்சாலையில் முனகவும் செய்கிறது. இருந்தாலும் இதுதான். காற்றை தாருக்கு முன்னால் 29, பின்னால் 32 பிஎஸ்ஐ வைக்கிறேன், மண்ணில் இறங்கும் முன் 22, 25-க்கு இறக்கிவிடுகிறேன். இன்னும் குறைத்தால் இன்னும் பிடிக்கும் என்று ஒருமுறை 16-க்கு இறக்கினேன். கால் மணி நேரத்தில் ஒரு கல் விளிம்பில் டயர் அமுங்கி, ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. வெயிலில் டயர் லீவரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். நண்பர்கள் நிழலில் படுத்துக்கொண்டு ஆலோசனை சொன்னார்கள்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸை மண்ணில் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துவிடுவேன். சரளையில் பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் கல்லைக் குவித்து அதிலேயே நிற்கும். ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் அது நடக்காமல் இறக்கத்தில் வழுக்கிக்கொண்டே போகும். முன்சக்கரத்தில் அதை நான் தொடுவதே இல்லை. எரிச்சல் என்னவென்றால், சாவியை ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அது பழையபடி ஆன் ஆகிவிடும். போட்டோ எடுக்க நின்றுவிட்டு, மறந்துபோய் இறக்கத்தில் இறங்கி, வயிறு கலங்கிய நாட்கள் உண்டு. கையுறையைக் கழற்றி மெனுவுக்குள் மூன்று அடுக்கு போய் மாற்ற வேண்டும். இதற்கு ஒரு பட்டன் வைத்திருக்கலாம்.

கூட்டமாகப் போவதில் கற்றது பைக்கைப் பற்றியதல்ல, ஆனாலும் பைக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருடைய டேங்க் சின்னதோ அதுதான் எல்லாருடைய டேங்கும். என்னுடையதில் 350 கிலோமீட்டர் போகலாம் என்று பெருமைப்பட்டேன். 200-இல் காலியாகும் பைக் ஒன்று கூட்டத்தில் இருப்பதால் அந்தப் பெருமைக்கு வேலையே வரவில்லை. புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் போவோம், அதனால் முன்னால் போகிறவர் கண்ணில் படமாட்டார். பாதை பிரியும் இடத்தில் உங்களுக்குப் பின்னால் வருபவர் தெரியும்வரை நீங்கள் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. இதை எல்லாரும் கடைப்பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள். ஒருவர் மறந்த அன்று இரண்டு மணி நேரம் தேடினோம்.

வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்கிறோம். மண் பாதைகள் அதில் புள்ளிக்கோடாகத் தெரியும். அது வண்டித்தடமா, ஆள் நடக்கும் வழியா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பாதைகளில் ஒரு நாளைக்கு 140 கிலோமீட்டரே அதிகம். நாங்கள் முதலில் 300 போட்டுக்கொண்டு இருட்டில் மாட்டினோம்.

ஓடை தாண்டிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. யாராவது ஒருவர் பூட்ஸோடு நடந்து ஆழம் பார்த்த பிறகுதான் பைக் இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்றைக்குக் களைப்பு, முழங்கால் ஆழம்தான் என்று கரையிலிருந்தே முடிவு செய்தோம். இரண்டாவதாகப் போனவர் நடுவில் குழியில் இறங்கி அப்படியே சாய்ந்தார். ஏர் ஃபில்டர் வழியாக எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது. கரைக்குத் தள்ளி வந்ததும் அவர் கை ஸ்டார்ட் பட்டனுக்குப் போக, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீரோடு எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சீட்டைக் கழற்றி, டேங்கைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். பிளக் துளையிலிருந்து குழாய்போல் பீய்ச்சியது. ஃபில்டரைப் பிழிந்து காயவைத்து, ஆயில் தண்ணீர் கலந்து பால்போல் வெளுக்கவில்லை என்று பார்த்துவிட்டு மாட்டினோம். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. அன்றிலிருந்து பிளக் ஸ்பேனர் என் பையை விட்டு இறங்கியதில்லை.

பராமரிப்பில் செயின்தான் அதிக நேரம் தின்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, புழுதி ரைடு என்றால் வந்த அன்றே, மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெய் போடுகிறேன். பெட்ரோல் வேண்டாம், செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கெட்டுவிடும். முதல் செயின் 19,000-இல் போனது, அதில் பாதிப் பழி ஒரு சர்வீஸ் நிலையத்துக்கு. சாலை பைக்குக்கு இறுக்குவதுபோல் இறுக்கி அனுப்பினார்கள். நீளமான சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஒரு கட்டத்தில் செயின் இன்னும் இறுகும், அதற்குத் தொய்வு விட்டாக வேண்டும். அதற்கப்புறம் செயினை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மற்றபடி ஹேண்டில் பேரிங் 26,000-இல் மாற்றினேன். லக்கேஜ் கம்பியின் போல்ட் ஒன்று அதிர்வில் எங்கோ கழன்று விழுந்தது, இப்போது எல்லாவற்றிலும் த்ரெட்லாக் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை). கிளட்ச் கேபிள் ஒருமுறை அறுந்தது. அதற்கு ஒரு தந்திரம் முன்பே செய்து வைத்திருந்தேன்: புது கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்துவிடுவது. அறுந்த இடத்தில் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் முடிந்தது. எஞ்சினில் மட்டும் இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. சீட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, ஆனால் பாதி நேரம் நின்றுதானே ஓட்டுகிறேன்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் இதையே வாங்க மாட்டேன். 150 கிலோவை ஒட்டி ஒன்று, எஞ்சின் பலம் குறைந்தாலும் சரி. ஆனால் இதை விற்கவும் போவதில்லை, இப்போதைக்கு. பின்டயர் போன மாதம்தான் மாற்றினேன், அலுமினியப் பெட்டி ஒன்றில் பழைய ட்யூப்களும் ஒட்டுப் பசையும் கிடக்கின்றன, வரும் சனிக்கிழமை ஓடையில் நடந்து ஆழம் பார்க்கும் முறை என்னுடையது.