ஆசிரியரின் முகம்: வெள்ளித் தகடும் கண்ணாடி நெகட்டிவும்

வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்கு 1849 முதல் ஹென்றி பர்ச்சும், 1852 முதல் 1858 வரை ஃபிரெடரிக் கிப்ஸும் ஆசிரியர்களாக இருந்தனர். அந்த ஆண்டுகளில்தான் உருவப்படப் புகைப்படக் கலை, வெள்ளித் தகட்டு முறையான டாகுரியோடைப்பிலிருந்து கண்ணாடித் தகட்டு முறையான ஈரக் கொலோடியனுக்கு மாறியது.

வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் டாகுரியோடைப், தாடியின் ஒவ்வொரு இழையையும் வியக்கத்தக்க துல்லியத்துடன் காட்டுமாயினும், நகலெடுக்க நெகட்டிவ் இல்லாத ஒற்றைப் படம் அது. உருவமும் பெரும்பாலும் இடவலம் மாறியே தெரியும். அதன் மேற்பரப்பும் மிக மென்மையானது: 1852 ஜனவரியில் புகைப்படக் கலைஞர் கில்பர்ன் எடுத்த படத்தில், தம் கண்கள் மூடியிருந்ததால், இளவரசரின் தாயான விக்டோரியா அரசியார் தம் முகத்தையே சுரண்டி அழித்தார்.

1851இல் ஆங்கிலேயரான ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைப் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும் என்பதால் இருட்டறை அருகிலேயே தேவைப்பட்டது. ஆனால் அந்த ஒரே நெகட்டிவிலிருந்து, முட்டை வெண்கரு பூசிய தாளில் எத்தனை படிகளையும் அச்சிடலாம்.

முகத்தின் உயிர்ப்புக்கு நான் வெள்ளித் தகட்டையே போற்றுவேன். எனினும் அரண்மனை ஆல்பத்திலும் ஆசிரியரின் சொந்த வீட்டிலும் ஒரே படம் இடம்பெறக் கொலோடியனே வழிசெய்தது.