கடலோரத்தில் ஓடும் ஜீப்புக்கு எந்த அடித்தகடு: எம்.எஸ்., 700 ரகம், ஹார்டாக்ஸ், அலுமினியம்

சீமைக்கருவேலத்தை வெட்டுகிறவர்கள் அரிவாளைச் சாய்த்துத்தான் வீசுவார்கள். அதனால் தரையில் மிஞ்சும் கட்டை, ஒரு சாண் உயரத்தில், சீவிவிட்ட முளைக்குச்சிபோல நிற்கும். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துக் கண்மாய்க்கரைப் பாதைகளில் புல்லுக்குள் மறைந்திருக்கும் அப்படிப்பட்ட கட்டையொன்று, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சேம்பரைக் கிழித்துவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். கிழக்கே தனுஷ்கோடியில் எதிரி வேறு. அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்பட்ட 2017-ஆம் ஆண்டு வரை, யாத்திரிகர்களை ஏற்றிய வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் ஓடின. அவற்றின் அடிப்பாகத்தை உப்பு தின்றது. என்ஜினுக்கு அடியில் பொருத்தும் காப்புத்தகடு இந்த இரண்டையும் தாங்க வேண்டும் என்பதால், வெளியூர்க்காரர்கள் சொல்லும் தேர்வு நமக்கு அப்படியே பொருந்துவதில்லை.

பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், வலிமை கூடிய தகட்டைப் போட்டால் பாதித் தடிமன் போதும் என்று நம்புகிறார்கள். அது பாதி உண்மை. 80 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், மென் எஃகு) தகடு 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். எஸ்700எம்சி எனப்படும் உயர்வலிமைத் தகட்டுக்கு அந்த எல்லை 700. தகடு வளையாமல் தாங்கும் சுமை, இந்த எண்ணையும் தடிமனின் இருபடியையும் பெருக்கிய மதிப்பைப் பொறுத்தது. 5 மி.மீ. எம்.எஸ். தகட்டுக்கு அது 6250, 3 மி.மீ. 700 ரகத்துக்கு 6300. எடையோ முன்னதற்கு ஏறத்தாழ 19 கிலோ, பின்னதற்கு 11 கிலோ. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் மெல்லிய தகடே வென்றதாகத் தோன்றும்.

ஆனால் எஃகு எந்த ரகமாக இருந்தாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்; விறைப்பைக் கூட்டுவது தடிமன், அதுவும் முப்படி விகிதத்தில். ஆகவே அதே சுமையில் 3 மி.மீ. தகடு, 5 மி.மீ. தகட்டைப்போல நான்கரை மடங்குக்கும் மேல் உள்வாங்கும். கட்டை அழுத்தும்போது தகடு மேலெழும்பிச் சேம்பரைத் தட்டிவிட்டு, பிறகு ஒன்றும் நடவாததுபோலப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். தகட்டில் நெளிவே இல்லை, சேம்பர் மட்டும் எப்படி உடைந்தது என்று கேட்டு வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிய உயர்வலிமைத் தகட்டை எடுத்தால், சேம்பருக்கும் தகட்டுக்கும் இடைவெளியைக் கூட்டவோ, குறுக்கே விறைப்புக்கென்று விலாப் பட்டை வைக்கவோ வேண்டும்.

துருவும் இதே கணக்கைத்தான் புரட்டுகிறது. வலிமை கூடிய எஃகு உப்புக்காற்றில் மெதுவாகத் துருப்பிடிக்கும் என்பது தவறு, எம்.எஸ். எவ்வளவு இழக்குமோ ஏறக்குறைய அவ்வளவையே அதுவும் இழக்கும். இரண்டும் ஒரு மில்லிமீட்டர் இழந்தால், 5 மி.மீ. தகட்டில் வளைவைத் தாங்கும் திறன் 64 விழுக்காடு மிஞ்சும், 3 மி.மீ. தகட்டிலோ 44 விழுக்காடுதான். பாம்பனில் 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்ததும், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிமான ஆய்வுக்கென்று நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றின் கடுமையை அறிந்துதான். அங்கே பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கிறது. ஜீப்பின் அடித்தகட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஹார்டாக்ஸ் 450 கேட்டு வருகிறவர்கள் வேறு கூட்டம். அதன் கடினம் 425 முதல் 475 பிரினெல் (கடினத்தை அளக்கும் அலகு) வரை. கல்லில் உரசித் தேய்வதை எம்.எஸ். தகட்டைவிடப் பலமடங்கு தாங்கும். சுரங்க லாரிகளின் தொட்டிக்கென்று செய்யப்பட்ட எஃகு அது. ஆனால் அந்தக் கடினம் முழுவதும் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்ததால் வந்தது. 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் அது குறையத் தொடங்கும். கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடாக்கி வளைக்கும் நம் வழக்கம், வளைத்த இடத்தில் விலைகொடுத்து வாங்கிய குணத்தையே எரித்துவிடுகிறது. துருவுக்கு அஞ்சிக் கால்வனைசிங்குக்கு அனுப்பவும் முடியாது, ஏனெனில் உருகிய துத்தநாகத் தொட்டியின் வெப்பம் 450 டிகிரி. 700 ரகத்தையும் டார்ச்சால் சிவக்க வைக்கக் கூடாது. அதன் வலிமை உருட்டாலையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி உருட்டியதால் வந்தது, செஞ்சூட்டில் அது போனால் பட்டறையில் மீட்க வழியில்லை.

ஓர் ஐப்பசி மாதத்தில், 10 மி.மீ. ஹார்டாக்ஸ் பட்டையொன்றை எம்.எஸ். தாங்கியோடு நானே பற்றவைத்தேன். கையில் இருந்தது சாதாரண வேலைக்கான 6013 ராடு. பொட்டலம் பிரித்து நாளாகியிருந்தது. காலையில் தகட்டின்மேல் ஈரம் பூத்திருந்ததைத் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். மாலையில் பற்று பார்க்க அழகாகவே இருந்தது. மறுநாள் காலை சுத்தியால் தட்டியபோது ஓசை செத்திருந்தது. குனிந்து பார்த்தால், பற்றின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியிருந்தது. ராட்டின் பூச்சிலும் தகட்டிலும் இருந்த ஈரத்திலிருந்து பிரிந்த ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் புகுந்து, பல மணி நேரம் கழித்து விரிசலாக வெளிப்பட்டது. இரண்டு நாள் வரைகூட இது காத்திருந்து வரும். அதனால் பற்றவைத்த அன்றே பெயிண்ட் அடித்தால் விரிசல் பெயிண்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆர்க் வெல்டிங்குக்கு ஹைட்ரஜன் குறைவாக விடும் 7018 ராடு, அதுவும் சுமார் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் அடுப்பில் காயவைத்துச் சூடு ஆறாமல் எடுத்தது, என்ற விதியை அதன்பின் நான் மீறியதில்லை. மழை மாதங்களில், முன்சூடு தேவையில்லை என்று அட்டவணை சொல்லும் தடிமனுக்கும், தகட்டைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேலாகச் சற்றே வெதுப்பி ஈரத்தைப் போக்கிவிடுகிறேன். காப்பு வாயுவை ஊதிக்கொண்டே கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் சிஓடூ வெல்டிங்கில் கம்பிக்குப் பூச்சே இல்லாததால் ஹைட்ரஜன் தொல்லை மிகக் குறைவு. வெப்பமும் குறுகிய இடத்தில் அடங்கும். அதன் பகை காற்றுதான். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தாலே காப்பு வாயு கலைந்து பற்றில் ஊசித்துளைகள் விழும். ஆடி மாதத்தில் திறந்த வெளியில் அந்த வேகத்துக்குக் கீழே காற்று இருக்கும் நாளை நம் கரையில் தேடத்தான் வேண்டும். நான்கு பக்கமும் மறைத்த கொட்டகை இருந்தால் சிஓடூ. இல்லையென்றால் காய்ந்த 7018 ராடு.

எந்த முறையிலும், வழக்கமான கம்பியும் 7018 ராடும் தரும் பற்றின் இழுவலிமை 480, 490 மெகாபாஸ்கல் அளவுக்கே உறுதி. 700 ரகத் தகட்டைவிடக் குறைவு. மென்மையான பற்று விரிசலுக்கு எளிதில் இடம் கொடாது என்பதால் அது குறையன்று. ஆனால் இடி வாங்கும் நடுப்பகுதியில் அந்தப் பற்று வரக் கூடாது.

அலுமினியத்தை நான் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தேன். கணக்குப் போட்டபின் மாறினேன். கப்பல் உடலுக்குப் பயன்படும் 5083 ரகத்தில் 6 மி.மீ. தகடு அதே அளவுக்கு 8 கிலோவுக்கும் குறைவு, 3 மி.மீ. எஃகைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பானது. கடல்நீரைப் பெயிண்ட் இல்லாமலே தாங்கும். பற்றவைத்தால் பற்றின் ஓரம் மென்மையாகிவிடும், அதற்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த கையும் வேண்டும். கூரான கல்லில் வழுக்காமல் பிடித்துக்கொண்டு உழப்படும் என்பது இன்னொரு குறை. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து அலுமினியம் கரையும். நைலான் வாஷரும் ரப்பர் ஷீட்டும் இடையே வைத்தாக வேண்டும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் 304 ரகம் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 எடையோடு விலையும் கூட்டும்.

மணலிலும் கடல்நீரிலும் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு, பற்றே இல்லாமல் மடித்துப் போல்ட்டில் பூட்டிய 6 மி.மீ. 5083 தகட்டைப் போடுகிறேன். மீன் ஏற்றும் பிக்கப்புக்கு 5 மி.மீ. எம்.எஸ். போதும், நெளிந்தால் அடித்து நிமிர்த்தலாம், எந்த ஊரிலும் பற்றவைக்கலாம். கருவேலங்கட்டை நிறைந்த பாதையில் ஓடும் ஜீப்புக்கு என் தேர்வு 4 மி.மீ. 700 ரகம்: எடை 15 கிலோ, வளைவைத் தாங்கும் திறன் 5 மி.மீ. எம்.எஸ். தகட்டைப்போல 1.8 மடங்கு, விறைப்பு அதில் பாதி, அதை இரண்டு விலாக்கள் ஈடுசெய்யும். விலாவும் தாங்கிகளும் ஓரத்தை ஒட்டி, வளைத்த கோட்டிலிருந்து விலகியே பற்றவைக்கப்படுகின்றன. ஹார்டாக்ஸைத் தேயும் இடத்தில் சிறு பட்டையாக, போல்ட்டில் மட்டும் பூட்டுகிறேன். எதையும் சேஸிஸோடு பற்றவைப்பதில்லை. கடற்கரைக்குப் போய்வந்த வாரத்தில் நான்கு போல்ட்டைக் கழற்றித் தகட்டை இறக்கி, மேலே சேர்ந்திருக்கும் உப்பு மணலை நல்ல தண்ணீரில் கழுவ முடிய வேண்டும்.