பவானிசாகர் சாலையில் ஓர் இணையச் சேவைக் கடை

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகும் வழியில் இருக்கும் இந்தச் சிறிய கடையில்தான் என் மாணவியின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினோம். கட்டணம் நியாயம், வேலை சுத்தம். நான் எழுத வந்தது கடைக்காரரைப் பற்றி.

அவள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவள். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்கு வழி செய்த 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதனால் இங்கே பிறந்தும் அவள் இந்தியக் குடிமகள் அல்ல.

தேசியம் என்ற கட்டம் வந்ததும், “இந்தியர் என்றே போட்டுவிடுங்கள் அண்ணா” என்றாள். “வேண்டாம் அம்மிணி, நாளைக்கு உன் படிப்புக்கே வினையாகும்” என்று சொல்லி, முகாம் அட்டையைப் பார்த்து உள்ளபடியே நிரப்பினார். பின்னால் நின்றவர் “பாப்பா எந்த ஊருங்க?” என்று துருவியபோது, “நம்ம ஊர்ப் பிள்ளைதானுங்க” என்று முடித்துவிட்டார். அதைப் பொய் என்று நான் ஏற்கமாட்டேன். கல்லூரிக்குச் சொல்ல வேண்டிய உண்மையை வரிசையில் நிற்பவரிடமும் ஒப்பிக்க வேண்டும் என்று எந்த அறம் சொல்கிறது?

ஒரு பெரிய குறை: கணினித் திரை வரிசையைப் பார்த்தபடி இருக்கிறது. யாருடைய விவரத்தையும் யாரும் படிக்கலாம். திருப்பி வைக்கச் சொன்னேன், இடமில்லை என்கிறார். நீங்களும் போனால் கேளுங்கள். மதியம் கடை பூட்டியிருக்கும், காலையிலேயே போவது நல்லது.