பழைய போனுக்கு "புது சாஃப்ட்வேர் போட்டுத் தரேன்" என்று சொல்லும் கடையா? உஷார்! எனக்கு 4,300 ரூபாய் போச்சு

4,300 ரூபாய் போய்விட்டது. கையில் இருப்பது மத்தியானத்துக்கு மேல் தாங்காத ஒரு போன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய போனில் கஸ்டம் ரோம் (கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் போடும் வேறொரு ஆண்ட்ராய்டு) போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்குக் கிளம்புகிற ஒருவராவது இதைப் படித்தால் போதும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது போகோ எஃப்1. 2018-ல் வந்தது. ஸ்னாப்டிராகன் 845 சிப், 4,000 எம்ஏஎச் பேட்டரி. கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓடு நின்றுபோனது. மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை எனக்கு. காலையில் சார்ஜரில் இருந்து எடுத்தால் ராத்திரி வீடு திரும்பும்வரை தாங்கிக்கொண்டிருந்த போன் அது. பாதுகாப்பு அப்டேட் வருவதில்லையே என்பதால்தான் புதுப் போன் பார்க்க மதுரையில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். விற்பனையும் சர்வீஸும் சேர்ந்த கடை. பெயர் போடவில்லை.

அங்கே நடந்ததைச் சொன்னால்தான் ஏன் நம்பினேன் என்று புரியும். கடைக்காரர் புதுப் போன் எதையும் எடுத்துக் காட்டவில்லை. என் போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்குண்ணே இப்பப் போயி பதினஞ்சாயிரம் செலவு பண்றீங்க? இந்த சிப்புக்கு என்ன குறை? இன்னும் மூணு வருசம் ஓடும். லீனியேஜ் ஓஎஸ் போட்டுத் தரேன், புது ஆண்ட்ராய்டு வந்துரும்" என்றார். லீனியேஜ் ஓஎஸ் என்பது அப்படி ஒரு இலவச கஸ்டம் ரோம். டீ வரவழைத்தார். தன் பையில் இருந்து இதே மாடல் போனை எடுத்து, "என் சொந்த போன்ணே, நானே இதைத்தான் வச்சிருக்கேன்" என்று காட்டினார். பதினைந்தாயிரத்துக்கு வியாபாரம் பண்ணக்கூடிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் "வேண்டாம்ணே" என்று சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? 1,500 ரூபாயை ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். பூட்லோடரை, அதாவது வேறு சாஃப்ட்வேர் ஏறவிடாமல் போனில் இருக்கும் பூட்டை, திறக்க கம்பெனி விதிப்படி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார். அது உண்மைதான், 168 மணி நேரம். அந்த ஒரு உண்மையால் மற்றதையும் நம்பினேன்.

போன் திரும்பி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி 100 சதவீதத்தில் வைத்துவிட்டுப் படுத்தால், தொடாமலேயே விடிகாலையில் 50-க்குக் கீழே. பையில் சும்மா கிடக்கும்போதே சூடு. டாக்டரைப் பார்க்க வரிசையில் காத்திருக்கும்போது அணைந்துபோகும். ஆர்டர் எல்லாம் அதில்தான் போட வேண்டும்.

கடைக்குப் போனால் "செட்டில் ஆகட்டும்ணே" என்றார். புதிதாக ரோம் போட்டதும் முதல் ஓரிரு நாள் ஆப்கள் எல்லாம் தயாராகி, பழைய தரவு திரும்ப இறங்குவதால் சார்ஜ் கூடுதலாகப் போகும், அது சரி. அதற்குப் பிறகும் அதே பதிலா? அடுத்து, "ஃபுல்லா இறக்கி ஃபுல்லா ஏத்துங்க, பேட்டரி ஸ்டேட்ஸை அழிச்சுடறேன், கேலிபரேட் ஆயிரும்" என்றார். பேட்டரிஸ்டேட்ஸ் கோப்பை அழிப்பதால் சார்ஜ் நிற்கும் நேரம் கூடாது என்று கூகுளின் ஆண்ட்ராய்டு பொறியாளர் டயான் ஹேக்பார்ன் 2012-லேயே விளக்கிவிட்டார். எதற்கு எவ்வளவு சார்ஜ் போனது என்று திரையில் காட்டுவதற்கான கணக்கு மட்டும்தான் அந்தக் கோப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அதையே மருந்து மாதிரி விற்கிறார்கள்.

அப்புறம், "பேட்டரிக்கு வயசாயிருச்சுண்ணே." புது பேட்டரி 1,800. அதையும் கொடுத்தேன். பணமாகத்தான் கொடுக்க முடிந்தது. பூட்லோடர் திறந்த போன் என்பதால் ஜிபேயும் என் பேங்க் ஆப்பும் வேலை செய்ய மறுத்துவிட்டன. இதைப் பற்றி முதல் நாள் டீ கொடுத்தபோது ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. பேட்டரி மாற்றியும் அதே கதை. அடுத்து "கெர்னல் மாத்தணும்" என்று 1,000. (கெர்னல் என்றால் போனின் பாகங்களை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்.) மொத்தம் 4,300. அதற்கும் பிறகு போனால் "அந்த வேலை பார்க்கிற தம்பி ஊருக்குப் போயிருக்கான்." அழைத்தால் கட் செய்கிறார். கடைசியாக நேரில் பிடித்துக் கேட்டதற்கு, "சாஃப்ட்வேருக்கெல்லாம் வாரன்டி கிடையாதுண்ணே" என்று வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பிதான் காரணத்தைக் கண்டுபிடித்தான். முதலில் ராத்திரி முழுக்க ஏரோப்ளேன் மோடில் போட்டு வைக்கச் சொன்னான். அப்படியும் சார்ஜ் சரிந்தது. "அப்போ சிக்னல் பிரச்சினை இல்லண்ணா, உள்ளே ஏதோ ஒண்ணு தூங்கவே விடல" என்றான். கம்ப்யூட்டரில் இணைத்து பேட்டரிப் பதிவை எடுத்துப் பார்த்தான். திரை அணைந்த பிறகும் கூகுள் ஆப்களுக்காகப் பின்னணியில் ஓடும் கூகுள் ப்ளே சர்வீசஸ் திரும்பத் திரும்ப வேக்லாக் (போனைத் தூங்கவிடாமல் விழித்திருக்கச் சொல்லும் கட்டளை) பிடித்து, சிப்பை ஆழ்ந்த உறக்கத்துக்கே போகவிடாமல் வைத்திருந்தது. லீனியேஜ் ஓஎஸ் கூகுள் ஆப்கள் இல்லாமல்தான் வரும். அவை வேண்டுமென்றால் ரோம் ஏற்றியவுடன், போனை முதல் தடவை ஆன் செய்வதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய அவர்களுடைய வழிகாட்டியிலேயே இது இருக்கிறது. கடைக்காரர் போனை ஆன் செய்து பார்த்துவிட்டு, அதன்மேல் கூகுள் ஆப்களைத் திணித்திருக்கிறார்.

அந்தத் தம்பி டேட்டாவை முழுவதும் ஃபார்மட் செய்து முறையாக மறுபடி ஏற்றினான். ராத்திரி முழுக்க ஐந்தாறு சதவீதம்தான் இறங்கியது! ரோம் மேல் குற்றமே இல்லை. சம்பளம் இல்லாமல் ஆர்வலர்கள் செய்து தரும் நல்ல வேலை அது. கடைக்காரர் தன் கையால் செய்த கோளாறுக்கு என்னிடம் பேட்டரி விற்றார், கெர்னல் விற்றார்.

வயிற்றெரிச்சல் அதோடு முடியவில்லை. பகலில் பயன்படுத்த ஆரம்பித்தால் 1,800 ரூபாய்ப் புது பேட்டரி மத்தியானமே படுத்துவிடுகிறது. கழற்றிப் பார்த்தோம். இந்த மாடலுக்கான பிஎம்4இ என்ற எண்ணும் 4,000 எம்ஏஎச்சும் ஸ்டிக்கரில் இருக்கின்றன, ஆனால் எழுத்து மங்கல், எடை குறைவு, டூப்ளிகேட். நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்த என் ஒரிஜினல் பேட்டரி எங்கே என்று கேட்டால், "குப்பைல போட்டாச்சுண்ணே" என்கிறார். நல்ல பேட்டரியை யார் குப்பையில் போடுவார்கள்?

பில் கேட்டேன், தரவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 4,300-ல் ஜிபேயில் போன 1,500-க்கு மட்டும்தான் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. மீதி 2,800-ஐ வாங்கவே இல்லை என்று அவர் சொன்னால் என்ன செய்ய?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது எழுதும் மனநிலையில் இல்லை. அவசரமாகச் சில மட்டும். ரோம் மாற்றிய பின் சார்ஜ் வேகமாக இறங்கினால் உடனே பேட்டரி மாற்றாதீர்கள். முதலில் ஒரு ராத்திரி ஏரோப்ளேன் மோடில் வைத்துப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய பேட்டரியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பேங்க் ஆப் வேலை செய்யுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மதுரைப் பக்கம் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள், தனித்தனியாக அலைவதைவிட எல்லாரும் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.