6,499 ரூபாய் போச்சு: ரேடியோ பை வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

மலைக்கு ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசும் வானொலி) தூக்கிப்போக எந்த மாதிரி பை வாங்கலாம் என்று விவரமாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இது அதுவல்ல. 6,499 ரூபாயைத் தொலைத்த கதை. நேற்று ராத்திரிதான் பை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் பண்ணினான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் சுமை பெரியதில்லை. யாசு எஃப்டி-818 ரேடியோ செட், லித்தியம் பேட்டரி, ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்த ஃபைபர் கம்பம், செட்டை ஆன்டெனாவோடு இணைக்கப் பத்து மீட்டர் கோஆக்ஸ் கேபிள், ஒயர் சுருள், மூன்று லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு. எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ. காலேஜ் பையில் போட்டால் மொத்தமும் தோளில் தொங்கும். உள்ளே சட்டமும் (ஃபிரேம்) நல்ல இடுப்புப் பட்டையும் இருந்தால்தான் எடை இடுப்புக்கு இறங்கும்.

படம் போடும் ஆப் ஒன்றில் ட்ரெக்கிங் சாமான் விற்கும் பக்கம். 50 லிட்டர், உள்ளே இரண்டு அலுமினியப் பட்டை, 15 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. ரேடியோ வைக்கப்போகிறேன் என்று மெசேஜ் அனுப்பியதும் உடனே பதில்: "ஓஎம், நானும் ஹாம்தான். என் செட்டும் இதே பையிலதான் போகுது. பயப்படாம வாங்குங்க. 73."

அந்த 73-ல் விழுந்தேன். ஹாம்கள் பேசி முடிக்கும்போது சொல்லும் வாழ்த்து அது. ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல். வெளியாளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு. கால்சைன், அதாவது லைசென்ஸோடு ஒவ்வொரு ஹாமுக்கும் கிடைக்கும் அடையாளக் குறி, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேடியோவில் முதல் கேள்வியே அதுதானே! யுபிஐயில் 6,499 முழுசாகப் போட்டேன்.

பை வந்தது. பார்க்க ஜோர். முதுகுப் பக்கம் அழுத்தினேன், கெட்டியாக ஏதோ இருந்தது. அலுமினியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு ஏலகிரி சுவாமிமலை. பாதி ஏற்றத்தில் டர்ரென்று சத்தம். வலது தோள் வார் பையோடு சேரும் இடத்தில் தையல் விட்டு, பை அப்படியே திரும்பிப் பாறையில் மோதியது. செட்டின் முன்பக்கம் ஆன்டெனா கேபிளை மாட்டும் பிஎன்சி கனெக்டர் வளைந்துவிட்டது. பின்னால் எம் டைப் என்ற வேறு மாதிரி கனெக்டர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கான அடாப்டர் வீட்டில். அன்று ரேடியோவில் யாரோடும் பேச முடியவில்லை, ஒரு காண்டாக்ட் கூட இல்லை. இந்த மாடலை இப்போது கம்பெனி தயாரிப்பதும் இல்லை.

வீட்டுக்கு வந்து முதுகுத் துணியைப் பிரித்தேன். அலுமினியமாவது மண்ணாங்கட்டியாவது! பரீட்சை அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக், நடுவில் விரிசல். தோள் வார் அரை விரல் அளவுதான் உள்ளே போயிருந்தது, அதுவும் ஒற்றைத் தையல்.

போன் பண்ணினேன். "கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்." ஓஎம் போய் சார் ஆகிவிட்டேன், கவனியுங்கள். அப்புறம் "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" அப்புறம் "ஓவர் வெயிட் வச்சிருப்பீங்க." தராசில் வைத்து ஒன்பது கிலோவைப் படம் எடுத்து அனுப்பினேன். "யூஸ் பண்ண பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." கடைசியாகக் கால்சைன் கேட்டேன். "லைசென்ஸ் ப்ராசஸ்ல இருக்கு" என்றான். அதன் பிறகு ஒற்றை டிக், புரொஃபைல் படமும் காணோம்.

தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் எண்பது ரூபாய்க்கு நாலு வரிசை அடித்துக் கொடுத்தார். 6,499 கொடுத்த இடத்தில் இல்லாத தையல்.

விவரமாக எழுத இப்போது மனசில்லை. இதை மட்டும் பாருங்கள். 73 சொன்னால் கால்சைன் கேளுங்கள். சட்டத்தை வெளியே உருவிக் காட்டும் வீடியோ கேளுங்கள். பை கைக்கு வந்ததும் பத்து கிலோ அரிசியைப் போட்டு வீட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், செட்டை அன்றைக்கு வைக்க வேண்டாம். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. விற்கிறவரின் முகவரியும் புகார் வாங்கும் ஆளின் பெயரும் பக்கத்தில் இல்லையென்றால் காசு போடாதீர்கள். 2020 இ-காமர்ஸ் விதிப்படி இரண்டும் இருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். புகார் நம்பர் வந்துவிட்டது, 6,499 இன்னும் வரவில்லை.