விடுமுறை வாடகை வீட்டுக்கு எந்த கீசர்? சில ஆண்டு அனுபவம்

இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை உள்ள சின்ன வீடு ஒன்றை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அங்கே வெந்நீர் ஏற்பாட்டைச் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். குடியிருக்கும் வீட்டில் ஒருவர் குளித்து வரும்வரை அடுத்தவர் கொஞ்சம் பொறுப்பார். விருந்தினர்களோ ஊர் சுற்றக் கிளம்பும் அவசரத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போவார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கரன்ட் பில் எல்லாம் அப்புறம்.

ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர், ஆளுக்கு 6 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 50 லிட்டர். குழாய்த் தண்ணீர் 20 டிகிரி, டேங்கில் 60 டிகிரி என்று வைத்தால், 40 டிகிரிக்குக் கலக்க அதில் பாதி வெந்நீர் வேண்டும். ஆக, நாலு பேருக்கு ஏறக்குறைய 100 லிட்டர்.

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நிமிடத்துக்கு 2 லிட்டர் சொச்சம்தான் 40 டிகிரிக்குச் சூடாக்கும். ஷவருக்கு அது பத்தாது. கேஸ் கீசரில் தண்ணீர் தீராது, ஆனால் புகை வெளியேறும் வழி சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். முன்பின் தெரியாதவர்கள் தங்கும் வீட்டில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சோலார், வீடு காலியாகக் கிடக்கும் நாளிலும் சுட்டுக்கொண்டிருக்கும். மேகமூட்டம் என்றால் எப்படியும் மின்சார ஹீட்டர் வேண்டும். சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் மின்சாரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும், சூடேறத்தான் நேரமாகும். எப்போதும் ஆள் நிறைந்திருக்கும் பெரிய இடத்துக்கு அது சரி.

நாங்கள் குளியலறைக்கு ஒன்றாக 50 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் இரண்டு மாட்டினோம். 100 லிட்டர் டேங்க் ஒன்றே போதும் என்று பிளம்பர் சொன்னார். ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும் என்பதால் நான் இரண்டில் உறுதியாக நின்றேன். விருந்தினர் இருக்கும்போது ஒரு டேங்க் நின்றுபோய், மற்றதை வைத்துச் சமாளித்த பிறகு அந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீசருக்கும் ஷவருக்கும் நடுவே குழாயின் நீளமும் குறைவு. சூடு வரும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்க வேண்டியதில்லை. 2 கிலோவாட் எலிமெண்ட் (டேங்க் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) 50 லிட்டரை 20-இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்றே கால் மணி நேரம் வரை எடுக்கும்.

60 டிகிரியைக் குறைக்க வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீர், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரத் தோதான இடம். வீடு சில வாரம் காலியாக இருந்தால், அடுத்தவர் வருவதற்கு முன் டேங்கை முழுச் சூட்டுக்கு ஏற்றி, எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிடுகிறோம். அதே 60 டிகிரி ஒரு குழந்தையின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். அதனால் டேங்கிலிருந்து வெளிவரும் இடத்தில் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு (வெந்நீரில் பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து சூட்டை ஒரே அளவில் வைப்பது) போட்டு 45 டிகிரிக்கு வைத்திருக்கிறோம். செலவைப் பார்த்து இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

விருந்தினர்களிடமிருந்து அதிகம் வரும் புகார், "கீசர் ஒழுகுது". பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை. 50 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது முக்கால் லிட்டர் அளவுக்கு விரியும். அது சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டும். அந்த வாயை யாராவது அடைத்துவிட்டால் டேங்கே வெடிக்கலாம். ஒரு சின்ன டியூப் போட்டு வடிகாலுக்கு விட்டதும் புகார் நின்றது.

அடுத்து, உப்புத் தண்ணீர். சர்வீஸுக்குக் கழற்றியபோது, விரல் பருமன் இருந்த மெக்னீசிய ஆனோடு ராடு கரைந்து நடுவில் கம்பி மட்டும் தெரிந்தது. டேங்க் அடியில் முட்டை ஓடு போல வெள்ளைச் செதில்கள் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்த ராடு தன்னைக் கரைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ராடையும் எலிமெண்டையும் கீழ்ப்பக்கமாக உருவ வேண்டியிருப்பதால், மாட்டும்போதே கீசருக்கு அடியில் ஒரு கை நீளத்துக்கு இடம் விடச் சொல்லுங்கள்.