ஃபீமா வெள்ள வரைபடச் சேவை: எல்லைக் கோட்டைக் காட்டும், மழையைக் காட்டாது

அமெரிக்காவில் வீட்டுக்கடன் தரும் வங்கி, "வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறது, இன்சூரன்ஸ் கட்டாயம்" என்று சொன்னதும் எல்லோரும் தேடிப் போகும் இடம் ஃபீமா என்ற மத்திய அவசரநிலை மேலாண்மை அமைப்பின் வரைபடச் சேவை மையம். இணையத்தில் இலவசம். முகவரியைத் தட்டினால் வரைபடத் தாள் வரும். நம் மனை இருக்கும் துண்டை மட்டும் வெட்டி பி.டி.எஃப். ஆக எடுத்துக்கொள்ளலாம். 'ஃபர்மெட்' என்பார்கள். இந்த வேலைக்கு முழு மதிப்பெண்.

முகவரிக் குறி பல நேரம் வீட்டின் மேல் விழாமல் தெருவில் விழும். அதை நம்பாமல், வான்படத்தோடு வரும் பார்வையில் கட்டடத்தையும் வெள்ள எல்லைக் கோட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். 'ஏ' அல்லது 'வி' என்று தொடங்கும் மண்டலம் என்றால் ஆண்டுக்கு 1% வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் இடம். நூறாண்டு வெள்ளம் என்று பெயர் வைத்துக் குழப்பிவிட்டார்கள். 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வர 26% வாய்ப்பு உண்டு.

இந்தச் சேவையில் உண்மையிலேயே உருப்படியானது, வீடு அபாயப் பகுதியில் இல்லை என்று ஃபீமா தரும் 'லோமா' எனப்படும் வரைபடத் திருத்தக் கடிதம். ஃபீமாவுக்குக் கட்டணம் இல்லை. சர்வேயர் செலவு மட்டும் நம்முடையது. மனையைத் தொடும் கோடு கட்டடத்தைத் தொடவில்லை என்றால் மட்ட அளவுகூடத் தேவையில்லை. தொட்டால், உரிமம் பெற்ற சர்வேயரின் மட்டச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் பல விண்ணப்பங்கள் விழுகின்றன. ஃபீமா பார்ப்பது வீட்டின் தரைமட்டத்தை அல்ல. கட்டடத்தை ஒட்டிய மண்ணின் மிகத் தாழ்ந்த புள்ளி, அந்த 1% வெள்ளம் எட்டும் உயரமான வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதை. வீட்டோடு சேர்ந்த கராஜ், படிக்கட்டு, டெக் எல்லாம் கணக்கில் வரும். வீட்டின் தளம் வெள்ள மட்டத்துக்கு 3 அடி மேலே இருந்தாலும், பின்புற டெக்கின் கால் ஊன்றிய மண் கால் அடி கீழே இருந்தால் கடிதம் கிடைக்காது.

அடுத்த தவறு வெள்ள மட்டத்தை வரைபடத்திலிருந்து எடுப்பது. அதில் முழு அடியாகத் திருத்தி அச்சிட்டிருப்பார்கள். அதே தளத்தில் கிடைக்கும் வெள்ள ஆய்வறிக்கையில், ஆற்றின் போக்கில் நீர்மட்டத்தைக் காட்டும் நீள்வெட்டு வரைபடத்தில் பத்தில் ஒரு அடி வரை படிக்கலாம். நூலிழையில் தொங்கும் மனைகளுக்கு அதுதான் முடிவு. உயரத்தை எதிலிருந்து அளப்பது என்பதற்கான 1929 அடிப்படையையும் 1988 அடிப்படையையும் கலந்து எழுதினாலும் கணக்கு கெட்டுவிடும். பிறகு மண் கொட்டி உயர்த்திய மனை என்றால் லோமா செல்லாது. அதற்கு வேறு விண்ணப்பம், கட்டணம், உள்ளாட்சியின் கையொப்பம் எல்லாம் உண்டு. ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து பொதுவாக 60 நாளில் பதில் வரும். ஒரு தாள் குறைந்தாலும் கெடு தொடங்காது.

குறை என்றால், வரவிருக்கும் வரைபடத்தைத் தேடுவது. முகப்பில் முகவரி போட்டால் இன்று நடைமுறையில் உள்ளதுதான் வரும்; முன்வரைவு தனிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஆட்சேபம் சொல்ல 90 நாள்தான். "இங்கே ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை" என்று எழுதினால் எடுபடாது, அளவீடோ நீரியல் கணக்கோ வேண்டும். புதிய வரைபடம் வரும்போது பழைய லோமா தொடருமா என்பதையும் அந்தக் காலத்திலேயே உள்ளூர் வெள்ளச் சமவெளி அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆனால் அபாயத்தை அறிய இது போதாது. ஆறும் கடலும் பொங்குவதைத்தான் இந்தக் கோடு பெரும்பாலும் சொல்கிறது; வடிகால் திணறித் தெருவில் தேங்கும் மழைநீரை அல்ல. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் நீர் புகுந்த வீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 1% கோட்டுக்கு வெளியே இருந்தவை. அடுத்த ஆண்டே அந்நகரின் நூறாண்டு மழை அளவு, 24 மணி நேரத்துக்கு, சுமார் 13 அங்குலத்திலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. பழைய மழைக் கணக்கில் வரைந்த கோட்டுக்கு என்ன மதிப்பு?

லோமா வந்ததும் பாலிசியை ரத்து செய்ய ஓடாதீர்கள். அரசின் கட்டாயம் நீங்கினாலும் வங்கி தன் விருப்பில் கேட்கலாம். 2021 அக்டோபரில் தொடங்கிய புதிய கணக்கீட்டில் பிரீமியம் மண்டலத்தை வைத்து முடிவாவதில்லை, அதனால் கடிதத்தால் அது குறையும் என்று நினைக்க வேண்டாம். விட்ட பாலிசியை மீண்டும் எடுத்தால் பொதுவாக 30 நாள் காத்திருப்பு. புதிய வரைபடம் உங்களை அபாயப் பகுதிக்குள் தள்ளியிருந்தால், 13 மாதத்துக்குள் எடுக்கும் பாலிசிக்கு அது ஒரு நாளாகக் குறையும்.